அணைக்கக் கூடாத கணினி

2013இல் நான் சிட்னியில் என்ன வேலை பார்த்தேன் என்று யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. கணினியில் ஒளிந்திருக்கும் திருட்டு நிரல்களைத் தேடிப் பிடிப்பது என்று சொன்னால், ஸ்ட்ராத்ஃபீல்ட் பக்கத்துத் தமிழ் அங்கிள்கள் உடனே தங்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதில் ஒளிந்திருப்பது பெரும்பாலும் முறுக்குத் தூள்தான்.

ஹாரிஸ் பார்க்கில் அரிசி, மசாலா இறக்குமதி செய்யும் ஒரு மலேசியத் தமிழர் ஒருநாள் காலை போன் செய்தார். மாணவராக வந்து முதலாளியானவர். அதை வணக்கம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். அவருடைய வாடிக்கையாளர்களுக்கு, இனிமேல் பணத்தை வேறொரு வங்கிக் கணக்கில் போடும்படி மின்னஞ்சல்கள் போயிருந்தன. எல்லாமே அவருடைய கணக்குப்பிள்ளையின் கணினியிலிருந்து, வேலை நேரத்தில். வைரஸ் தேடும் மென்பொருள் கணினி சுத்தம் என்று சொல்லிவிட்டது. கணினி சுத்தம் என்றால் ஆள் அசுத்தம், அவ்வளவுதான் முதலாளியின் தர்க்கம்.

கணக்குப்பிள்ளை படகில் வந்த இலங்கைத் தமிழர், நாற்பதைத் தாண்டியவர், தற்காலிக விசாவில் இருந்தார். போலீஸ், வழக்கு என்று போனால் விசா பறிபோகலாம், மறுபடியும் தடுப்பு முகாம். முதலாளிக்கு அது தெரியும். தெரிந்தே, இந்த வாரமே போலீசுக்குப் போகப்போவதாகச் சொன்னார். எனக்கு அப்போதே அவர்மேல் எரிச்சல் வந்துவிட்டது.

நான் வரும்வரை கணினியை யாரும் அணைக்க வேண்டாம் என்றேன். கெட்டிக்காரத் திருட்டு நிரல் ஹார்ட் டிஸ்க்கில் தன்னை மறைத்துக்கொள்ளும். ஆனால் ஓட வேண்டுமென்றால் கணினியின் நினைவகத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த நினைவகத்தை அப்படியே நகலெடுத்துத் துழாவினால் பிடித்துவிடலாம். வீட்டில் எத்தனை பேர் என்று வீட்டுக்காரரைக் கேட்காமல், வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுகிற மாதிரி. கணினியை அணைத்தால் நினைவகம் காலி, செருப்பும் போச்சு.

நான் போனபோது கணினி அணைந்து கிடந்தது. வெளியே போ என்று முதலாளி சொன்னதும், கணக்குப்பிள்ளை எழுந்து சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"பாத்தீங்களா தம்பி? ஆதாரத்த அழிச்சிட்டுப் போயிட்டான்," என்றார் முதலாளி. குரலில் அப்படி ஒரு திருப்தி.

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். கெட்டில், மின்விசிறி, பிரின்டர் எல்லாம் சுவரோடு அணைந்திருந்தன. பிள்ளையார் படத்தைச் சுற்றியிருந்த சீரியல் லைட்டைக்கூட அந்த மனிதர் விட்டுவைக்கவில்லை. ஆதாரத்தை அழிக்கிறவன் எதற்காகப் பிள்ளையாரை இருட்டில் உட்கார வைக்கிறான்? கணக்குப்பிள்ளையைப் போனில் பிடித்துக் கேட்டேன். டூங்காபி பகுதியில் பலரோடு சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருந்தார். மின்கட்டணம் வரும் நாளில் வீட்டுக்கார அன்ரிக்குச் சாமி வந்துவிடுமாம். அதனால் எங்கிருந்து கிளம்பினாலும் எல்லாவற்றையும் அணைப்பது அவருக்குக் கைப்பழக்கம். துரத்தப்பட்ட அன்றும் கை மறக்கவில்லை.

அவர் திரும்ப வந்து வழக்கம்போல வேலை செய்தால்தான் ஒளிந்திருப்பது வெளியே வரும் என்றேன். திருடனைக் கூப்பிட்டு நாற்காலி போடச் சொல்கிறாயா என்று முதலாளி குதித்தார். அப்படியானால் யார் செய்தது என்று தெரியவில்லை என எழுதிக் கொடுத்துவிட்டு முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொள்கிறேன் என்றதும் அடங்கினார்.

மறுநாள் கணக்குப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். முதலாளி எதிரே உட்கார்ந்து முறைத்தார். நான் சுவர் சுவிட்சின்மேல் பார்சல் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோது அவர் கை அப்படியும் அங்கேதான் போனது. வேண்டாம் அண்ணே என்று கெஞ்சி நிறுத்திவிட்டு நகலெடுத்தேன்.

நகலில் ஆள் அகப்பட்டுக்கொண்டான். கணினி தானாகக் காட்டும் பட்டியலில் இல்லாத ஒரு நிரல், அஞ்சல் மென்பொருளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாடிக்கையாளருக்குப் போகவேண்டிய பொய்க் கடிதம் அதற்குள்ளேயே தயாராகக் கிடந்தது. கணக்குப்பிள்ளை அன்று தட்டியது அரிசி மூட்டைக் கணக்கு மட்டுமே. இது எந்த வழியாக உள்ளே வந்தது என்று தோண்டினேன். பார்சல் வந்திருக்கிறது, இணைப்பைத் திறக்கவும் என்று யாரோ முதலாளிக்கு அனுப்பிய மின்னஞ்சல். முதலாளி அதை, உடனே திறந்து பார் என்று கணக்குப்பிள்ளைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்.

முதலாளி மன்னிப்புக் கேட்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு பெட்டி லட்டு வாங்கிவந்து மேசையில் வைத்து, நாளைக்குச் சீக்கிரம் வந்துவிடு என்றார். போலீஸ் பேச்சு லட்டோடு முடிந்தது.

இருவரும் பராமட்டா ரயில் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, என் அறிக்கையில் ஒரு பிரதி கிடைக்குமா என்று கணக்குப்பிள்ளை கேட்டார். அது முழுக்க எண்களும் நிரல் பெயர்களுமாக இருக்கும், விசா வழக்குக்கு எந்த வகையிலும் உதவாது என்றேன்.

"ஓம் தம்பி, தெரியும். இஞ்ச வந்த நாள் தொடக்கம் எல்லாரும் என்னை விசாரிச்சவை. நான் சொன்னது பொய்யில்லை எண்டு ஒருத்தரும் எழுதித் தரேல்லை."

அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் 'ரகசியம், வெளியாருக்குத் தரக்கூடாது' என்று சிவப்பில் போடுவது எங்கள் அலுவலக விதி. அவருக்கான பிரதியில் அந்தச் சிவப்பு எழுத்தை எடுத்துவிட்டேன். நடுவில் எங்கோ கிடந்த 'இந்தக் கடிதங்களை இவர் அனுப்பவில்லை' என்ற வரியை முதல் பக்கத்தின் உச்சிக்குத் தூக்கிவைத்தேன். இருப்பதிலேயே கனமான தாளில் அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.