சர்பத்தில் ஒன்றும் இல்லை

போன ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் கேன்டீனில் இட்லி என்ற பெயரில் கொடுத்ததைத் தின்றுகொண்டிருந்தபோது ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பிடமிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. மார்ச் கடைசியில் நடந்த போட்டியில் எடுத்த என் சிறுநீரில் கஞ்சா இருந்ததாம். சொல்லி அழப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி போய் வேலையில் உட்கார்ந்தேன்.

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நம் தமிழ் ஜெபக்கூட்டத்தில் என்னைப் பலருக்குத் தெரியாது. ஆண்டவர் எனக்குச் செய்ததை ஒளிக்காமல் எழுதப் போகிறேன். ஒளிக்காமல் என்றால் என் அசிங்கமும் கூடவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாகர்கோவில்காரி. எண்ணூறு மீட்டர் ஓடுகிறவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்கத்தாவில் வேலை கிடைத்தது. பாலிகஞ்சில் ஒரு மாடியறையில் வாடகைக்கு இருக்கிறேன். வேலை இன்னும் நிரந்தரமாகாத நேரத்தில் தொடைத்தசை கிழிந்து நான்கு மாதம் முடங்கினேன். ஓடாத ஓட்டக்காரியை யாரும் தேடுவதில்லை. வங்காளமும் எனக்கு அரைகுறை. அம்மா போனில், "சாப்ட்டியா மக்களே" என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன். பாதி நாள் சாப்பிட்டிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போவதையும் விட்டுவிட்டேன். அன்றைக்கெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்துக் கிடப்பேன்.

அப்போதுதான் என்னோடு ஓடும் சீனியர் ரூமா தீதி (தீதி என்றால் அக்கா), வலி தெரியாது, தூக்கம் வரும் என்று சிகரெட்டுக்குள் கஞ்சா வைத்துக் கொடுத்தாள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. வாரம் ஒன்று, பிறகு தினமும் ஒன்று. கால் ஆறி மறுபடி ஓடத் தொடங்கியபோதும் விடவில்லை. போட்டி நாளில் உடம்பில் இல்லாவிட்டால் போதும், நாலு நாள் முன்னால் நிறுத்திவிடு என்றாள். அவள் கணக்கை நம்பித்தான் கெட்டேன். தினமும் இழுப்பவளின் உடம்பை விட்டு அது நாலு நாளில் போய்விடாது என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

தப்பிக்க வழி சொன்னதும் ரூமா தீதிதான். ஹோலியன்று இந்த ஊரில் சிலர் பாலில் பாங் கலந்து குடிப்பார்கள். அதுவும் அதே செடியின் இலைதான். கஞ்சா பிடித்தேன் என்று சொன்னால் போலீஸ் வரைக்கும் போகும், வேலையும் போகும். தெரியாமல் பாங் குடித்தேன் என்றால் பாவம் என்று விட்டுவிடுவார்கள் என்றாள். குடிக்கக் கொடுத்தவர் ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதுமாம்.

ஹோலியன்று எனக்குச் சர்பத் கொடுத்தவர் ஒரே ஒருவர். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் வீட்டுக்காரம்மா. காக்கிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறார். பண்டிகை நாளில் இந்தப் பெண் தனியாகக் கிடக்கிறாளே என்று பாதாம் பால் சர்பத்தை மாடிக்கே கொண்டுவந்து தந்தவர். அவரிடம் போய், அதில் பாங் இருந்திருக்குமோ என்று கேட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நம்பிவிட்டார். கடையில் வாங்கிய மசாலா, கடைக்காரன் ஏதாவது கலந்திருப்பான் என்று தலையில் கைவைத்தார். கேட்டபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்று நன்றாகத் தூங்கினேன்.

விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது. முழங்காலில் நின்று ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? "ஆண்டவரே, இந்தப் பொய்யை அவர்கள் நம்பும்படி செய்யும்." சிரிக்காதீர்கள். கண்ணீரோடு, சங்கீதம் வாசித்து, ஒரு வேளை உபவாசமும் இருந்து இதைத்தான் கேட்டேன்.

ஒரு சாயங்காலம் காக்கிமா விளக்கேற்றிச் சங்கு ஊதினார். நான் வாடகை கொடுக்க இறங்கி வந்தவள் பூஜையறை வாசலில் நின்றுவிட்டேன். உள்ளே அவர் தேம்பிக்கொண்டிருந்தார். என் அரைகுறை வங்காளத்துக்கும் அது புரிந்தது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன், தண்டனையை எனக்குக் கொடு, அவளை விட்டுவிடு என்று தன் சாமியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

மாடிக்கு ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஜெபிக்க வாய் வரவில்லை. என்னைப்போல் ஒரு கேடுகெட்டவள் உண்டா என்று இருந்தது. கடைசியில், "ஆண்டவரே, உண்மையைச் சொல்ல எனக்கு வாயைக் கொடும்" என்று மட்டும் சொன்னேன். பத்து நாளில் நான் செய்த ஒரே நல்ல ஜெபம் அதுதான். பதினெட்டுப் படியும் இறங்கிப் போய்க் காக்கிமாவின் கதவைத் தட்டினேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். காக்கிமா மெதுவாகக் கேட்டார். அதைத் தமிழில் சொல்கிறேன்.

"அப்போ நான் கொடுத்த சர்பத்துல ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமில்ல காக்கிமா. வெறும் பாலும் பாதாமும்தான்."

அவர் நாற்காலியில் சாய்ந்து அழுதார். அந்தக் கடிதத்தை என் கையாலேயே கிழித்தேன். அவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அது எனக்கு நியாயமாகவே பட்டது.

விசாரணை கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. மூன்று பேர் கேட்டார்கள். எவ்வளவு நாளாக, எதற்காக, எப்போது நிறுத்தினாய் என்று கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொன்னேன். குரல் உடையவில்லை. அது என் தைரியமே இல்லை, அதை நான் அறிவேன். போட்டிக்காகப் பிடித்ததல்ல என்று ஏற்றுக்கொண்டு மூன்று மாதத் தடை கொடுத்தார்கள். கஞ்சாவை விடுவதற்கான சிகிச்சையை முழுதாக முடித்ததால் அது ஒரு மாதமாகக் குறைந்தது. இரண்டு வருடமோ நான்கு வருடமோ என்று பயந்திருந்தவள் நான். போலீஸ் வரவில்லை.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். அந்தப் போட்டியில் வாங்கிய வெண்கலம் போனது. வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. ஊர்ப் பத்திரிகையில் பெயர் வந்து, பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றது. அம்மா தெருவில் தலைநிமிர்ந்து நடக்கப் பல நாள் ஆனது. ரூமா தீதி மைதானத்தில் என் பக்கம் திரும்புவதே இல்லை. இப்போதும் தனியாகத்தான் ஓடுகிறேன். ஆனால் தனியாக இருக்கும்போது என்னைப் பார்த்து நானே பயப்படுவதில்லை. கஞ்சாவைத் தொட்டு ஒரு வருடம் ஆகிறது. தேவனுக்கே மகிமை.

இந்த ஊரில் நியூ டவுனிலும் மற்ற இடங்களிலும் தனியறையில் இருக்கும் தம்பி, தங்கைகளே, நீங்கள் எதை மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதை மறைக்க உதவும்படி மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். உண்மையைச் சொல்லும் வாயைக் கேளுங்கள், நிச்சயம் தருவார். முதலில் யாரிடம் சொல்வது என்று தெரியாவிட்டால் ஆராதனை முடிந்து என்னிடம் வாருங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் பத்து நாள் ஜெபத்துக்கு ஆண்டவர் செவிகொடுக்கவில்லை. அதற்குத்தான் இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன்.