கொதியக்கா வளர்த்த பூசணி

கொடியைப் பிடுங்கிப் போட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யாரையும் மனதார வையக் கூடாது என்று இருக்கிறவள் நான். காலையில் ஆண்டவனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாசல் கதவையே திறப்பேன். ஆனால் அந்த நாளை நினைத்தால் கும்பிட்ட கை தானாக இறுகிக்கொள்கிறது. என்னைவிட ஆயிரம் மடங்கு கோபப்பட வேண்டியவள் கொதியக்கா. அவள் எப்படிப்பட்டவள் என்று நாலு பேருக்குத் தெரியட்டும்.

நாங்கள் இருவரும் ஒரு துணி ஆலையின் பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்கிறோம். சட்டை தைக்கிற பெண்கள் காலையில் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு ஆலைக்குள் போவார்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் குளிப்பாட்டும் தொட்டி. சமையல் அவள் பொறுப்பு. குளிப்பாட்டுவது, கால் கழுவிவிடுவது, தூங்கவைப்பது என் பொறுப்பு.

அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. சம்பளம் வாங்கும் நாளில் மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் கொதியக்காதான். கேஸ் சிலிண்டர்காரன் தாமதமாக வந்தால் கொதிப்பாள். சீக்கிரம் வந்தால், "ஏன்டா, சரியா பால் பொங்குற நேரம் பாத்துத்தான் வருவியா?" என்று கொதிப்பாள். சின்ன வயதில் ஒரு லாரி மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டாள். அவன் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு வேறு ஊரில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். "ஓடிப்போனான்னு சொல்லாதே. நான் தொரத்தினேன்" என்பாள். அதன் பிறகு மாணவர் விடுதி, தொழிலாளர் மெஸ், ஆஸ்பத்திரி கேண்டீன் என்று பெரிய பெரிய அண்டாக்களில் கிண்டிக் கிண்டி, வலது தோள் இடது தோளைவிட ஒரு சுற்றுப் பெருத்துப் போயிற்று. மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தாள். மகன் பஸ் ஓட்டுகிறான். அம்மாவின் வாய்க்குப் பயந்து ஹாரனைக்கூட மெதுவாகத்தான் அடிப்பானாம். இத்தனை கோபத்தில் ஒரு துளிகூடப் பிள்ளைகள் மேல் சிந்தி நான் பார்த்ததில்லை.

பூசணியை யாரும் திட்டம் போட்டு வைக்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்த மஞ்சள் பூசணியைக் கீறி, விதையைக் குடலோடு வழித்துப் பின்பக்கம் எறிவாள். தொட்டித் தண்ணீர் ஓடுகிற ஓரத்தில் அது முளைத்துக்கொண்டது. "பாரு, கூப்பிடாமலே வந்து சட்டமா உக்காந்திருக்கு, என் நாத்தனார் மாதிரி" என்று திட்டினாள். மறுநாளே அதன் அடியில் மக்கின காய்த்தோலையும் டீத்தூள் சக்கையையும் போட்டு, கம்பி வேலியில் கயிறு கட்டி ஏற்றிவிட்டாள். சோப்புத் தண்ணீர் வேருக்கு ஆகாது. சோப்புப் போடுவதற்கு முன்னால் ஊற்றுகிற தண்ணீரை மட்டும் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

முதலில் பூத்ததெல்லாம் ஆண் பூ. நீளக் காம்பில் ஜம்மென்று நிற்கும், காய்க்காது. "ஆம்பளைங்க இப்படித்தான்டி, முதல் ஆளா வந்து சும்மா நிப்பானுங்க." பிறகு பெண் பூ வந்தது, அடியில் கோலிக்குண்டு போலப் பிஞ்சோடு. ஆலையின் சாய நாற்றத்துக்குத் தேனீ அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை. விரிந்த அன்றைக்குக் காலையிலேயே மகரந்தம் படாவிட்டால் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். ஆகவே அவள் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்துவிட்டு, நடுவில் இருக்கும் குச்சியைப் பெண் பூவுக்குள் தடவுவாள். தடவும்போதும் வசவுதான். காய் பிடித்ததும், ஈரத்தில் அழுகாமல் இருக்க அடியில் உடைந்த ஓடு வைப்பாள். காம்பு காய்ந்து கட்டையாகி, தோலில் நகம் இறங்காத பிறகுதான் அறுப்பாள். அதுவும் காம்பை விரல் நீளம் விட்டு. அப்படி அறுத்த காய் அலமாரி மேல் மாதக்கணக்கில் கெடாமல் உட்கார்ந்திருக்கும்.

வேகவைத்து மசித்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் பல் முளைக்காத பிள்ளையும் சப்புக்கொட்டும். விதையைக் காயவைத்து வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் தூவுவாள். இளந்தளிரையும் விடமாட்டாள், பருப்போடு வெந்துவிடும். கண்ணுக்கு நல்லது, எதிர்ப்புச் சக்திக்கு நல்லது என்று தடுப்பூசி போட வரும் நர்ஸம்மா சொல்லுவார். எனக்குத் தெரிந்த நன்மை வேறு. வயிறு கல்லாக இறுகி முக்கி முக்கி அழுத பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே போக ஆரம்பித்தன. கழுவுகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

அந்தக் கூட்டத்தில் ஒருவன் குண்டூசி. காலர் தைக்கிற பெண்ணின் மகன், இரண்டு வயது. உடம்பு குச்சி, தலை மட்டும் உருண்டை. சோறு கொடுத்தால் துப்புவான். முட்டையைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிவான். எடை பார்க்க உட்கார்த்தினால் தராசு முள் நகரவே யோசிக்கும். அவன் வாயைத் திறந்தது பூசணிக்கு மட்டும்தான். கொதியக்கா விடுவாளா? காலையில் கஞ்சியில் பூசணி, மத்தியானம் சோற்றில் பூசணி, சாயங்காலம் வெறும் பூசணி. அவன் அம்மாவே ஒருநாள் மூடி போட்ட டப்பாவோடு வந்து நின்றாள். "அக்கா, ராத்திரிக்கும் கொஞ்சம் குடுங்களேன். வீட்ல வேற எதையும் தொட மாட்டேங்கிறான்." டப்பாவும் தினம் நிரம்பிப் போயிற்று. பையனுக்குக் கன்னத்தில் சதை பிடித்தது. கொதியக்கா அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "என்னடா, ஊசி ஆணியாயிட்ட!" என்பாள். அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.

ஒருநாள் குளிப்பாட்டும்போது அவன் உள்ளங்கை மஞ்சளாக இருந்தது. காயின் சாறு ஒட்டியிருக்கும் என்று தேய்த்தேன். போகவில்லை. உள்ளங்காலும் மஞ்சள். மூக்கு நுனியும் மஞ்சள். மறுநாள் காலையில் அவன் அம்மா கேட்டிலேயே அலறிக்கொண்டு வந்தாள்.

"என் பிள்ளைக்கு மஞ்சக்காமாலை! என்னத்தைத்தான் போட்டுக் குடுத்தீங்க?"

ஆலைக்குள் போக வேண்டிய பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். "குளிப்பாட்டுற தண்ணியில வளர்ந்த காயைத்தான் திங்கவெக்கிறாங்க" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். காப்பகத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிற ஆலை மேனேஜர் ஓடி வந்தார். இளம் வயது, கழுத்தில் அட்டை, கையில் எப்போதும் போன். கூட்டத்தைக் கலைத்து உள்ளே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. அதற்காக வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"இனிமே இந்தம்மா சமையல்கட்டுல கால் வைக்க மாட்டாங்க! சாக்கடைக் காயைப் போட்டுப் பிள்ளைங்களுக்கு விஷம் வெச்சிருக்காங்க! நான் நடவடிக்கை எடுக்கிறேன், நீங்க வேலைக்குப் போங்க!"

விஷம் என்ற சொல் தெருமுனை வரை கேட்டது.

"டாக்டர் பாத்தாங்களா சார்?" என்றாள் கொதியக்கா.

"இதுக்கு டாக்டர் வேற பாக்கணுமா? எனக்குக் கண்ணு தெரியலையா?"

கொதியக்கா காலர் பெண்ணைப் பார்த்தாள். "ஏன்டி, ராத்திரி டப்பாவைப் பத்தியும் சொல்லேன்."

அவள் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள், எனக்குத் தெரியும். பெற்றவளுக்குப் பயம் வரத்தான் செய்யும். ஆனால் வாயில் ஒரு சொல் வராதா?

மேனேஜர் சொன்னதும் வாட்ச்மேன் அரிவாளோடு பின்பக்கம் போனார். "எனக்கென்னம்மா தெரியும், சொன்னதைச் செய்றேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தண்டை அறுத்து, வேலியிலிருந்து கொடியை உருவி இழுத்தார். முற்றாத காய்கள் கொடியோடு தரையில் இழுபட்டு வந்தன. அன்றைக்குக் காலையில் தடவிவிட்ட பூ ஒன்று இன்னும் மூடவில்லை.  

கொதியக்கா சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தாள். சத்தமே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"ஏன்டி, நெஜமாவே நான்தான் ஏதாச்சும் பண்ணிட்டேனா?" என்றாள்.

"எல்லாப் பிள்ளையும்தானே அக்கா தின்னுச்சு?"

"அவன்தானேடி நிறைய தின்னான். நான்தானே ஊட்டினேன்."

அன்று அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் ஆலையின் டாக்டரம்மாவிடம் குண்டூசியைக் கொண்டுபோனார்கள். காப்பகத்திலிருந்து ஒரு ஆள் கூட இருக்க வேண்டும் என்று என்னையும் அனுப்பினார்கள். டாக்டரம்மா பையனின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அவன் அவருடைய பேனாவைப் பிடுங்கப் பார்த்தான்.

"என்னென்ன சாப்பிடுறான்?"

நான் சொன்னேன். காலை, மத்தியானம், சாயங்காலம். சொல்லி முடித்துவிட்டு அவன் அம்மாவைப் பார்த்தேன்.

"ராத்திரியும்" என்றாள் அவள், எறும்புக்குக் கேட்கிற குரலில்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நாலு வேளையும் பூசணியா? அப்புறம் மஞ்சளாகாம என்னம்மா பண்ணுவான்! காமாலைன்னா கண்ணு மஞ்சளாகும், யூரின் கறுத்து வரும். இவன் கண்ணு பால் மாதிரி வெள்ளையா இருக்கு. பூசணி, கேரட்டுல இருக்கிற மஞ்சள் சத்தைத்தான் உடம்பு வைட்டமின் ஏ-வா மாத்திக்குது. தேவைக்கு மேல போனது தோல்ல தங்கிடுச்சு. கெடுதல் ஒண்ணும் இல்ல, குறைச்சா தானா மறைஞ்சிடும். ஆனா ஒரே காயை ஊட்டிக்கிட்டிருந்தா மத்த சத்துக்குப் பிள்ளை எங்க போவான்? முட்டை, பருப்பு, கீரை எல்லாம் பழக்குங்க. பூசணியும் இருக்கட்டும், அது பாட்டுக்கு ஒரு ஓரமா." எதற்கும் இருக்கட்டும் என்று ரத்தம் எடுத்தார். பிறகு அதிலும் குறை எதுவும் வரவில்லை.

வெளியே வந்ததும், நடைபாதையில் வைத்து, வாழ்நாளில் முதல்முறையாக நான் ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்தினேன். "கடவுள் உனக்கு வாய் குடுத்தது எதுக்கு? ஒரு டப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை! அது வந்திருந்தா அந்த அக்கா தலைகுனிஞ்சு வீட்டுக்குப் போயிருப்பாளா?" அவள் அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை.

மேனேஜர் கொதியக்காவை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவள் என்னையும் இழுத்துக்கொண்டுதான் அவர் அறைக்குள் போனாள். அவர் கதவைச் சாத்திவிட்டு, மெதுவான குரலில் பேசினார்.

"ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்கம்மா. நாளைக்கு வேலையில சேந்துக்கோங்க. நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்க."

"நாலு வேளையும் ஊட்டினது தப்புன்னாங்களாம். அது என் தப்பு. ஆசையில குடுத்தேன், ஒத்துக்கிறேன். ஆனா நீங்க விஷம்னு சொன்னீங்களே, அதை எங்க வெச்சு சொன்னீங்க?"

"அதான் இப்ப கூப்பிட்டுப் பேசுறேனே..."

"கேட்ல வெச்சு சொன்னீங்க. கேட்லயே வந்து அதைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"ஒரு மேனேஜர் போய் அங்க நின்னு எப்படிம்மா..."

"நான் சமையல்காரி சார். பிள்ளைக்கு விஷம் வெச்சவள்னு பேர் வந்தப்புறம் எவன் வீட்டுல என்னை அடுப்புப் பக்கம் விடுவான்? உங்க மானம் ரெண்டு நாள்ல ஆறிடும். என் பேர் போனா என் சோறு போச்சு. நீங்க வரலைன்னா நானும் வரலை."

மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்லுவேன் என்று. நான் சுவரைப் பார்த்தேன். கொடி போனதற்கு ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவருக்கு அது ஒரு கொடி என்றே தோன்றியிருக்காது.

புதிதாகச் சமைக்க ஒருவரும் கிடைக்கவில்லை. கேண்டீனிலிருந்து வந்த காரச் சோற்றைப் பிள்ளைகள் துப்பிவிட்டு, பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அழுதன. மூன்றாம் நாள் சாயங்காலம், சங்கு ஊதிப் பெண்கள் வெளியே வருகிற நேரத்தில், மேனேஜர் கேட்டுக்கு வந்தார். கொதியக்கா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தாள்.

அவர் போனைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

"கேக்கல சார்" என்றாள்.

இன்னொரு தடவை சொன்னார்.

"இன்னும் கேக்கல. அன்னைக்கு ரோட்டுல போன பஸ்காரனே திரும்பிப் பாத்தான்."

பெண்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகம் சிவந்துபோயிற்று. போனைப் பையில் போட்டுவிட்டுக் கத்தினார்: "இந்தம்மா விஷம் எதுவும் வைக்கலை! நான் விசாரிக்காம சொன்னது! பிள்ளை நல்லா இருக்கான்!"

 காலர் பெண் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ராத்திரிக்கும் குடுங்கன்னு நான்தான் அக்கா கேட்டு வாங்கினேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இப்ப சொல்லு. எல்லாம் முடிஞ்ச பிறகு வந்து சொல்லு" என்றாள் கொதியக்கா.

பையன் கையை நீட்டினான். அவனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து அடுப்பு மறுபடி எரிகிறது. குண்டூசிக்கு முட்டை பழக்குகிறாள். அவன் போடும் கூச்சல் ஆலைக்குள் கேட்கும். மேனேஜரிடம் மட்டும் அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று காலை அவர் சமையலறை வாசலில்தான் நின்றிருந்தார், அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் தூரம்தான்.

கொதியக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த ஆள்கிட்ட சொல்லு, உப்பு தீர்ந்துபோச்சு."

"சார், உப்பு தீர்ந்துபோச்சாம்" என்றேன்.

"சாயங்காலம் வந்துடும்னு சொல்லுங்க" என்றார்.

நான் திரும்புவதற்குள் அவள் கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"மத்தியானச் சோறு மத்தியானமே வேகணும்னு சொல்லு."

அவர் போனை எடுத்துக் கடைக்காரனைக் கூப்பிட்டார்.