வற்றிய ஏரியில் இன்னொரு கூடாரம்

எழுபதுகளின் நடுவில், அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் வேலை செய்த நாங்கள் மூன்று நண்பர்கள் பாலைவனத்தில் வற்றிக் கிடந்த ஓர் உப்பு ஏரிக்குப் போய்க் கூடாரம் அடித்தோம். ஒரு மைல் தள்ளி இன்னொரு கூடாரம் தெரிந்தது. காலையில் நான் தனியே அங்கே நடந்து போனேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், கார்க் கண்ணாடியைப் பார்த்துக் கவனமாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். அந்த வெளியில் அவரைப் பார்க்க ஒரு காகம்கூட இல்லை.

“நீங்கள் தமிழோ?” என்றேன்.

அவர் கை நின்றது. “ஓம். தமிழ்க் குரல் கேளாத இடமெண்டுதான் இங்க வந்தனான். தம்பி, என்னைக் கண்டதெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ.”

தலையாட்டிவிட்டுத் திரும்பினேன்.

அடுத்த மாதம் சிட்னியில் ஒரு தமிழ்க் கலியாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெண், இடுப்பில் குழந்தையுடன், ஒவ்வொருவரிடமும் ஒரு புகைப்படத்தைக் காட்டிக்கொண்டு வந்தார்.

“என்ர அவர். வேலைக்கெண்டு போனவர், திரும்பி வரேல்லை. எங்கயாவது கண்டனீங்களோ?”

அதே முகம்தான்.

“இல்லை அக்கா,” என்றேன்.

“பரவாயில்லைத் தம்பி,” என்று அடுத்தவரிடம் போனார்.

முன்பின் தெரியாத அந்த மனிதருக்காக ஏன் பொய் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவர் நல்லவரா என்றுகூட நான் யோசிக்கவில்லை.