பால் பைத்தானின் சட்டை

கால்நடை மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரே நிம்மதி, நோயாளிகள் பேசமாட்டார்கள் என்பது. ஒரே துன்பம், அவர்களைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பேசுவார்கள் என்பது.

தொடங்கும் முன், தமிழர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் பெரும்பிழை ஒன்றைத் திருத்தியாக வேண்டும். பாம்பு சட்டை உரிப்பதில்லை. சட்டையைக் கழற்றுகிறவன் பொத்தானைத் திறப்பான், கையை உருவுவான். பாம்போ உதட்டோரத்தில் தொடங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி, தலை முதல் வால் வரை ஒரே உருவலில் வெளியே வந்துவிடுகிறது. அது சட்டை அல்ல, காலுறை. காலே இல்லாத பிராணிக்குக் காலுறை எப்படி என்று கேட்பவர்கள், கையே இல்லாத பிராணிக்குச் சட்டை எப்படி வந்தது என்பதை முதலில் விளக்கட்டும்.

நோய்: ஏசி

ஓமான் நாட்டின் சோஹாரில் எங்கள் மருத்துவமனைக்கு அந்தப் பாம்பு பாஸ்மதி அரிசிச் சாக்கில் வந்தது. யாரோ வேலையை விட்டு ஊருக்குப் போகும்போது வில்லாவில் கண்ணாடித் தொட்டியோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சாவி வாங்கப் போன வாட்ச்மேன் பார்த்துத் தூக்கி வந்தார். நான்கடி நீளம், ஆப்பிரிக்க இனம், பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சாதுவான ஜீவன். உடம்பெல்லாம் பழைய தோல் கிழிந்த போஸ்டர் போலத் தொங்கியது. இரண்டு கண்களும் சாம்பல் பூத்திருந்தன.

எங்கள் டாக்டர் ஹானி எகிப்துக்காரர். பார்த்தவுடன் சொன்னார், ஏசிதான் காரணம் என்று. ஓயாத ஏசியில் காற்று உலர்ந்து, தோல் முழுதாக உரியாமல் துண்டுதுண்டாக ஒட்டிக்கொண்டுவிட்டதாம். இதைப் படிக்கும் வளைகுடாவாசிகளே, உங்கள் முழங்கையை ஒருமுறை தடவிப் பாருங்கள். பாம்பின் துயரம் புரியும். நமக்கு வாசலின் இருக்கிறது. அதற்கு இமைகூடக் கிடையாது. கண்ணை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு ஒவ்வொரு முறையும் தோலோடு சேர்ந்து கழல வேண்டும். இதற்குப் பழையவை இரண்டு கழலாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தங்கிவிட்டன. பிய்த்தால் கண் போய்விடும், விட்டாலும் போய்விடும். ஈரப்பாசியில் வைத்துக் காத்திருப்பதுதான் வழி. ஒரு வனவிலங்குப் பூங்கா ஏற்க ஒப்புக்கொண்டது. ஒரே நிபந்தனை, கண்சவ்வோடு உரிந்த முழுத் தோலைக் காட்ட வேண்டும். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "யல்லா, இன்னும் ஒரே ஒரு தோல். முழுசா வந்தா பூங்கா. வரலைன்னா நான்தான் கருணைக்கொலை ஊசி போடணும். கலாஸ், அதோட முடிஞ்சது."

பெயர்ப் பலகை

வேலுச்சாமி எங்கள் துப்புரவுப் பணியாளர். முதுகுளத்தூர்ப் பக்கம். ஒட்டகம் உதைத்தபோதும் அசையாதவர், இந்த அறைக்குள் மட்டும் துடைப்பத்தை முன்னே நீட்டியபடிதான் நுழைவார். பாசியை நனைப்பதும் தண்ணீர் மாற்றுவதும் அவர் பொறுப்பு. அவர் வசதிக்காக ஓர் அட்டையில் தமிழிலேயே எழுதி ஒட்டினேன்: "பால் பைத்தான். தட்டு காலியாக இருக்கக் கூடாது."

மறுநாள் காலை பாம்பு ஒரு தட்டுப் பாலில், தலையை மட்டும் வெளியே நீட்டி, அரச குடும்பத்துப் பெண்மணி போலக் கிடந்தது. மலிவுச் சரக்கு அல்ல, ஃபுல் கிரீம். வேலுச்சாமி சொந்தச் செலவில் வாங்கியது. அதைக் கழுவித் துடைப்பதற்குள் எனக்கு அரைநாள் போயிற்று. பிறகு அவரை உட்காரவைத்து விளக்கினேன்: இது ஆங்கில 'பால்', அதாவது பந்து, தமிழில் அந்த ஒலிக்கும் இந்த ஒலிக்கும் ஒரே பகரம்தான், இது நம் எழுத்தின் சிக்கனமே தவிரக் குறை அல்ல. கால்மணி நேரம் பொறுமையாகக் கேட்ட வேலுச்சாமி கடைசியில் சொன்னார்: "பாலுன்னு எழுதி ஒட்டிப்புட்டு, ஊத்துனவன வையிறீகளே சார், இது எந்த ஊரு நியாயம்?"

பிரதட்சிணம்

தோல் வியாதி என்று தெரிந்துவிட்டால் தமிழர்களில் மருத்துவர் அல்லாதவர் யாரும் இல்லை. வேப்பெண்ணெய் என்றார் ஒருவர். குப்பைமேனி என்றார் இன்னொருவர்; சோஹாரில் எங்கே பறிப்பது என்று அவர் சொல்லவில்லை. துறைமுகத்தில் பொறியாளராக இருப்பவரின் மனைவி, பாரசீகப் பூனைக்கு ஊசி போட வந்த திருச்சி அம்மா, தேங்காயெண்ணெய் பாட்டிலையே கைப்பையிலிருந்து எடுத்துவிட்டார். 'பாம்பு' என்ற சொல்லை மட்டும் அவர் வாயில் வரவிடவில்லை.

"தம்பி, அவங்கள ஒரு நிமிஷம் பாக்கலாமா? பெரியவளுக்கு ஜாதகத்துல நாகதோஷம். மூணு வருஷமா வரன் தட்டிப்போகுது."

உடன் வந்திருந்த சின்ன மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "மம்மி, இட்ஸ் ஃப்ரம் ஆஃப்ரிக்கா."

"ராகுவுக்கு ஏதுடி விசாவும் பாஸ்போர்ட்டும்?"

தோஷ விவகாரங்களில் நாகத்துக்கே அதிகாரம் உண்டு, மலைப்பாம்பு இனத்துக்கு அந்தத் துறை ஒதுக்கப்படவில்லை என்று நான் எடுத்துரைத்தேன். அவர் காதில் வாங்கவில்லை. கதவோரம் நின்று கைகூப்பினார், கண்ணில் நீர் கோத்தது. பிறகு தொட்டியை ஏற இறங்கப் பார்த்து, என்னைக் கடிந்துகொண்டார்: "இப்படிச் சுவத்தோட ஒட்டி வெச்சிருக்கீங்களே தம்பி, எப்படிச் சுத்தி வர்றது?"

ஊர்க்கண்

ஆறாவது வாரம் பாம்பின் கண்கள் நீலம் பாரித்தன, பின் தெளிந்தன. உரியப்போகிறது என்று அர்த்தம். "தோல் கழன்றால் குப்பையில் போட்டுவிடாதீர்கள், பத்திரமாக எடுத்து வையுங்கள்" என்று வேலுச்சாமியிடம் மூன்று முறை சொன்னேன். பத்திரம் என்ற சொல்லை நான் இன்னும் யோசித்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும்.

பூங்காவிலிருந்து ஆள் வரும் நாள் காலையில், பாசிமேல் தோல் கிடந்தது. வால் நுனிவரை கிழிசலே இல்லை. ஆனால் கழுத்தோடு நின்றது. தலைப் பகுதியைக் காணோம். டாக்டர் விளக்கைப் பிடித்துப் பாம்பின் கண்ணைப் பார்த்தார். தெளிவாகத்தான் தெரிகிறது, ஆனாலும் அடியில் ஒரு சவ்வு மிச்சமிருந்தால் மேலோட்டமாகத் தெரியாது என்றார். கண்ணாலேயே கேட்கும் என்று நம்பிப் பாம்புக்குக் கட்செவி என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். அந்தக் கண்ணுக்குச் சாட்சி சொல்ல வேண்டிய இரண்டு அங்குலத் தோல் இல்லை. பாசியைப் பிரித்தோம், தண்ணீர்த் தட்டைக் கவிழ்த்தோம், குப்பைத் தொட்டியைத் தலைகீழாகக் கொட்டினோம். பூங்காக்காரர் வந்து வரவேற்பறையில் பாலில்லாத சுலைமானி டீ குடிக்கத் தொடங்கியிருந்தார். டாக்டர் ஊசி மருந்து இருக்கும் அலமாரிப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றது எனக்குத் தெரிந்தது.

வாசற்படியில் நின்றிருந்த வேலுச்சாமி மெதுவாகப் பர்ஸை எடுத்தார். வதாகா, அதாவது குடியிருப்பு அட்டைக்குப் பின்னால், டிஷ்யூவில் மடித்து, தலை.

"பத்திரமாத்தான் சார் வெச்சிருக்கேன். ஊர்ல வீடு கட்டிக்கிட்டிருக்கேன். லிண்டல் வரைக்கும் வந்துருச்சு. ஊர்க்கண்ணு பூராவும் அது மேலதான். பாம்புச் சட்டைல கண்ணு இருக்க இடம் பர்ஸுல இருந்தா திருஷ்டி அண்டாதுன்னு நாங்க தங்குற கேம்ப்ல சொன்னாக."

டாக்டர் அதை வெந்நீரில் போட்டு விரித்து, லென்ஸுக்கு அடியில் வைத்தார். இடப்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சவ்வுகள், வெங்காயத் தோல் போல. வலப்பக்கமும் மூன்று. பழையவை எல்லாம் கழன்று வந்துவிட்டன. டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பூங்காக்காரர் கையெழுத்துப் போட்டார். தலையையும் உடலையும் சேர்த்து ஒட்டிய தோல், நோயாளியின் ஃபைலோடு அவர் பைக்குள் போனது. எல்லாம் முடியும்வரை காத்திருந்த வேலுச்சாமி என் காதோரம் குனிந்து கேட்டார்: "கண்ணுதான் தெரிஞ்சுருச்சுல்ல சார், என் பொருளத் திருப்பித் தரச் சொல்லுங்க."

பொருள் திரும்பி வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, விடுமுறை நாளில், வேலுச்சாமி ரூமில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி, டிக்கெட் எடுத்துக்கொண்டு அந்தப் பூங்காவுக்குப் போனார். பாம்புகள் இருக்கும் பகுதி பராமரிப்பு வேலைக்காக மூடியிருந்தது.