காலி சீட்டின் பெல்ட்

இது கதை இல்லை. நடந்தது. நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப் போவதில்லை. ஆனால் இதைப் படித்த பிறகு, உங்கள் காரில் பக்கத்து சீட்டு காலியாக இருக்கும்போது 'டிங் டிங்' என்று சத்தம் வந்தால்... என்னைத் திட்டாதீர்கள்.

போர்ட் பிளேரில் பத்துபஸ்தி. விமானம் இறங்கும்போதெல்லாம் தகரக் கூரை அதிரும் ஒரு ஷெட். அங்கேதான் ஆக்சிலியா கார் டீட்டெய்லிங் கடை போட்டாள். தண்ணி ஊற்றிக் கழுவுவதற்கு இவ்வளவு பெரிய பெயரா என்று தெருவே கேலி செய்தது. கழுவுவது வேறு, இது வேறு என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். பெயிண்டில் இருக்கும் மெல்லிய கோடுகளைத் தேய்த்து எடுக்க வேண்டும். சீட்டைக் கழற்றி அடியில் கிடக்கும் மண்ணை உறிஞ்ச வேண்டும். மங்கிப்போன பிளாஸ்டிக்கில் முகம் தெரிய வேண்டும். எல்லாம் சென்னைக்குப் போய்த் தங்கிக் கற்றுக்கொண்டு வந்த வேலை.

அதற்கு முன்பு ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் இருந்தாள். கணவன் கப்பலில். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள், போர்ட் பிளேரில் ஆக்சிலியாவின் அம்மா சிசிலியாவிடம். விடுமுறைக்கு ஃபெர்ரி ஏறி வந்தால் பிள்ளை கொஞ்ச நேரம் கிட்டவே வராது. யாரோ விருந்தாளி என்று தள்ளி நின்று பார்க்கும். அது தாங்காமல்தான் வேலையை விட்டாள். கடை ஓடினால் மகளோடு இருக்கலாம். ஓடாவிட்டால் மறுபடியும் ஹேவ்லாக். விஷயம் அவ்வளவுதான்.

கடை ஓடவில்லை. ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் குணா வந்தார். பழைய கார் வாங்கி விற்பவர், பேச்சில் பாதி இந்தி. மரைன் ஹில் இறக்கத்தில் புது ஷோரூம், ஞாயிற்றுக்கிழமை திறப்பு.

"இந்த ஒரு காடிய பண்ணிக் குடும்மா. வாசல்ல நிறுத்துறேன். முன்னாடி எப்படி, இப்ப எப்படின்னு பெரிசா ஒரு ஃபிளெக்ஸ் வைப்போம். ஜனங்களுக்குப் பிடிச்சா எனக்கு வர்ற எல்லா வண்டியும் ஒனக்குத்தான். டீக் ஹே?"

வெள்ளை நிறத்தில் சின்னக் கார். வெளியே பரவாயில்லை. உள்ளேதான் லேசான சேற்று வாடை. டிரைவர் சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு கருப்புப் பளபளப்புப் பேனல் உண்டல்லவா, அது முழுக்கக் கீறல்கள். நாலு நாலு கோடுகளாக. எல்லாம் பக்கத்து சீட்டு பெல்ட்டைக் கழற்றும் சிவப்புப் பட்டனை நோக்கி.

ஆக்சிலியாவுக்குச் சந்தோஷம். முன்னால் எவ்வளவு மோசமாக இருந்ததோ, பின்னால் அவ்வளவு எடுப்பாக இருக்கும். நாய் வளர்த்திருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, டார்ச் அடித்துக் கிட்டத்தில் படம் எடுத்தாள். அன்று வியாழக்கிழமை. இந்தக் கிழமையை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வேலை தொடங்கியது. தரை விரிப்பு தொட்டால் காய்ந்திருந்தது. வேக்யூம் வைத்தால் தண்ணீர் வந்தது. ஒரு பக்கெட் தண்ணீர்.

ஈரம் போகட்டும் என்று ஏசி போட, சாவியைத் திருப்பினாள்.

டிங்... டிங்... டிங்...

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி. சீட்டில் யாரும் இல்லை. கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. ஈரத்தில் சென்சார் கெட்டிருக்கும். எல்லாரும் என்ன செய்வார்களோ அதையே செய்தாள். காலி சீட்டின் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

டக்.

மணி நின்றது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பாலிஷ். கீறல் ஒன்றுகூட இல்லை. பேனலில் அவள் முகம் தெரிந்தது. காரைப் பூட்டி, ஷெட்டையும் பூட்டினாள்.

சனிக்கிழமை காலையில் திறந்தாள். கீறல்கள் இருந்தன. அதே இடம். நாலு நாலாக.

பூனையாக இருக்கும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். கண்ணாடி ஏற்றிய காருக்குள் எந்தப் பூனை போகும்? அதை அவள் யோசிக்க விரும்பவில்லை. நாளைக்குத் திறப்பு விழா. மறுபடி தேய்த்தாள்.

எங்கள் தீவில் சாயங்காலம் ஐந்து மணிக்கே சூரியன் கடையைக் கட்டிவிடும். அன்று மழை வேறு. தம்பி ஜெனிஷ் டீ வாங்கப் போயிருந்தான். ஆக்சிலியா போனைக் கையில் பிடித்து, முடிந்த வேலையை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பானட், கதவு, கண்ணாடி...

5.20. கரண்ட் போனது.

தகரத்தில் மழைச் சத்தம். அதற்கு நடுவே இன்னொரு சத்தம்.

கிறீச்... கிறீச்...

காருக்குள்ளிருந்து.

போனில் டார்ச் போட்டாள். கண்ணாடி உள்பக்கமாக ஆவி படிந்து வெளுத்திருந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

பக்கத்து சீட்டு காலி.

ஆனால் பெல்ட் தொங்கவில்லை. விறைப்பாக நின்றது. சீட்டிலிருந்து ஒரு அடி முன்னால்... நடுவில் ஓர் உடம்பு இருந்தால் எப்படி நிற்குமோ அப்படி.

சீட்டின் பஞ்சு அமுங்கியிருந்தது.

பெல்ட் அசைந்தது. முன்னால் வந்தது. இழுத்துப் பிடித்து நின்றது. மறுபடி முன்னால்...

திமிறல்.

ஓடியிருக்க வேண்டும். அவளோ கையை நீட்டிச் சிவப்புப் பட்டனை அழுத்தினாள். ஏன் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

பட்டன் இறங்கவில்லை.

இன்னும் பலமாக அழுத்தினாள்.

அவள் விரல்களுக்கு மேல்...

வேறு விரல்கள்.

ஈரமாக. ஐஸாக. அவளோடு சேர்ந்து...

அழுத்தின.

ஜெனிஷ் வந்தபோது அக்கா மழையில், தெரு நடுவில் நின்றிருந்தாள். கரண்ட் வந்திருந்தது. பெல்ட் காலி சீட்டின் மேல் சாதாரணமாகக் கிடந்தது. பேனலில் புதுக் கீறல்கள்.

"விடுக்கா. குணா அண்ணன்ட்ட முடியாதுன்னு சொல்லிருவோம்."

"பிள்ளைட்ட என்னலே சொல்ல? மறுபடியும் கப்பல் ஏறுறேன்னா?"

மூன்றாவது முறை தேய்த்தாள். ஜெனிஷ் டார்ச் பிடித்துக்கொண்டு ஜெபமாலை சொன்னான். யாரும் பெல்ட்டைத் தொடவில்லை. விடியும் முன்பே காரைக் கொண்டுபோய் ஷோரூம் வாசலில் விட்டார்கள்.

ஞாயிறு. சரியான கூட்டம். ஃபிளெக்ஸில் ஆக்சிலியா எடுத்த கீறல் படம் ஆள் உயரத்துக்கு நின்றது, பக்கத்திலேயே பளபளக்கும் படம். ஜனங்கள் காரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். குணாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லா வண்டியும் ஒனக்குத்தான்" என்றார். ஆக்சிலியா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

குணாவின் வண்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக் பிரகாசம் மட்டும் அந்தப் படத்தின் முன்னால் அசையாமல் நின்றார். ஆக்சிலியாவைக் கூப்பிட்டார்.

"மக்களே, இது எப்ப எடுத்த படம்?"

"வியாழக்கெழம, மாமா."

"இந்தப் பேனலை நான் புதன்கெழமதானே மாத்துனேன். பளபளன்னு புதுசு. மெயின்லேண்ட்ல இருந்து கப்பல்ல வந்தது."

மகளைக் கீழே இறக்கிவிட்டாள் ஆக்சிலியா.

"பழசுக்கு என்ன ஆச்சு மாமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். மாயாபந்தர் போகிற வழியில் மழையில் சறுக்கி, கார் உப்பங்கழியில் இறங்கிவிட்டது. ஓட்டிய கணவன் தப்பிவிட்டான். பக்கத்தில் இருந்தவளுக்கு பெல்ட் கழலவில்லை. தண்ணீர் ஏற ஏற பட்டனைத் தேடியிருக்கிறாள். பெல்ட்டை அறுத்துத்தான் வெளியே எடுத்தார்கள். பழைய பேனல் முழுக்க அவள் நகக் கீறல். பார்க்கச் சகிக்காமல்தான் மாற்றினாராம். அறுத்த பெல்ட்டுக்கும் புதுசு போட்டாராம்.

ஆக்சிலியா திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒருவர் குணாவிடம் கார் விலை பேசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து, மாட்டியிருந்த பெல்ட்டைக் கழற்ற முயன்றுகொண்டிருந்தாள்.

"இது கழல மாட்டேங்குதே..."

ஆக்சிலியா ஓடினாள். அந்தம்மாவைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்காதீங்க. இந்த வண்டில ஒரு பொம்பள செத்திருக்கா" என்றாள். எல்லார் காதிலும் விழும்படி.

குணா கத்தியதை இங்கே எழுத முடியாது. ஃபிளெக்ஸ் அப்போதே இறங்கியது. அடுத்த மாதம் ஷெட்டுக்குப் பூட்டு விழுந்தது.

கார் என்ன ஆனது? தெரியாது. வேறு யாருக்கோ விற்றுவிட்டார் என்கிறார்கள். வெள்ளை. சின்னது.

ஹேவ்லாக் ஃபெர்ரிக்கு ஜெட்டியில் நின்றபோது மகள் கையை விடவில்லை. பிரித்து எடுத்து அம்மாவிடம் கொடுக்க வேண்டியிருந்தது. பிரகாசமும் வழியனுப்ப வந்திருந்தார். ஆக்சிலியா மனதில் அரித்துக்கொண்டிருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"தப்பு எனக்க மேலதான் மாமா. மணி அடிச்சிக்கிட்டே இருந்துச்சேன்னு நான்தான் பெல்ட்டை மாட்டுனேன். மாட்டுன ஒடனே நின்னுட்டு."

பிரகாசம் திரும்பி அவளைப் பார்த்தார். ஃபெர்ரி ஹாரன் அடித்தது.

"எந்த மணி மக்களே? தண்ணில ஊறிப்போச்சுன்னு அந்த சீட்டு சென்சாரைக் கழட்டி எடுத்துட்டேனே. மணி அடிக்கிற பெட்டியும்... இன்னும் எனக்க மேசையிலதான் கெடக்கு."