வேலையற்றோர் என்று எழுதிய எம்பார்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் பழவேற்காட்டு இறாலை ஐஸ் பெட்டியில் அடைத்து, பொன்னேரி ஸ்டேஷனில் ரயிலேற்றிப் பட்டணத்துக்கு முதலில் அனுப்பியவன் இந்த ஷேக் தாவூத்துதான். சந்தேகம் இருந்தால் எங்கள் கரையில் யாரையும் கேட்டுப் பாருங்கள். எம்பார் சாரைப் பற்றி எழுதவும் என்னை விட்டால் ஆளில்லை.

எம்பார் திருவள்ளூர்க்காரர். அவர் குடும்பம் பெருமாள் கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகக் கைங்கரியம் செய்கிறது. அவர் மட்டும் சென்னைக்குப் போய்ப் பொருளாதாரம் படித்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். 1957இல், இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்துக்காக, எங்கள் ஏரிக்கரைக் குப்பங்களை ஆராய்ந்து அறிக்கை எழுத அவரை அனுப்பினார்கள். என் மாடி அறையை வாடகைக்கு எடுத்து, தானே பொங்கித் தின்றார். கருவாட்டு வாடை தாங்காமல் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு எழுதுவார்.

சாயங்காலம் எனக்குத் தன் படிப்பைச் சொல்வார். அதிலும் கட்சிகள் உண்டாம். சந்தையை அதன் போக்கில் விட்டால் எல்லாம் தானே சரியாகும் என்பது ஒரு கட்சி. உழைக்கிறவன் கையில்தான் எல்லாம் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. நாட்டில் வேலை இல்லாதபோது சர்க்கார் துணிந்து செலவு செய்தால்தான் வியாபாரம் எழும் என்பது புதுக் கட்சி. கிராமம் தன் தேவையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கதர்க்காரர்களுடையது.

"நீங்க எந்தக் கட்சி சாமி?" என்றேன்.

"காலம்பற ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, பாய்" என்று சிரித்தார்.

ஆனால் அறிக்கையில் சிரிப்பில்லை. கரையில் வலை தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எண்பது பேரை 'வேலையற்றோர்' என்று எழுதிவிட்டார். ஏரியின் நல்ல இடங்களை ஏலம் விட வேண்டும், பணமுள்ளவன் பெரிய வலை போட்டால் மீன் பெருகும், மிச்ச ஆட்களை ஆலைக்கு அனுப்பலாம் என்பது அவர் முடிவு. திங்கட்கிழமை அது சென்னைக்குப் போக வேண்டும்.

ஒளிக்காமல் சொல்கிறேன். ஏலம் வந்தால் எடுக்கப்போகிறவன் நான். அந்தக் கரையில் அவ்வளவு ரொக்கம் வேறு எவனிடம் இருந்தது? அதனால் வாயைத் திறக்கவில்லை.

எப்படியோ விஷயம் சின்னதுரைக்குத் தெரிந்துவிட்டது. அவர் குப்பத்துத் தலைவர். அந்த எண்பது பேரின் பிழைப்பும் ஏரியில்தான். ஞாயிறு காலை, ஈர வேட்டியோடு மாடியேறி வந்தார்.

"இன்னா அய்யரே, எங்கள சோம்பேறின்னு எழுதிக்கீறியாமே?"

"அய்யர் இல்லை, ஐயங்கார். சோம்பேறின்னு எழுதலை. வேலையற்றோர்னுதான்."

"ரெண்டும் ஒரே பேஜாருதான். நீ பாத்த அன்னிக்கி பாடு பக்கத்துக் குப்பத்துது. நாங்க எப்டி வலை போடுவோம்?"

பாடு என்பது எங்கள் ஏரி வழக்கம். இறால் ஓடும் நீரோட்டத்தில் எல்லாரும் ஒரே நாளில் இறங்கினால் ஒருவனுக்கும் கிடைக்காது. அதனால் வருஷம் ஒருதரம் சீட்டுப் போட்டு, எந்த நாளில் யார், எந்த இடத்தில் என்று தீர்மானிப்பார்கள். முறை இல்லாதவன் கரையில் வலை தைப்பான்.

எம்பார் விடவில்லை. "உம்மைவிட நன்னாப் பிடிக்கிறவன் வந்தா ஊருக்கு லாபம்தானேங்காணும்?"

சின்னதுரை ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"உங்க கோயில்ல இன்னிக்கி சாமிக்கு சோறாக்கறது யாரு?"

"சித்தப்பா. இந்த மாசம் அவர் முறை."

"உங்க ஊட்டு முறை எப்போ?"

"ஆடியில, பதினஞ்சு நாள்."

"மீதி நாளெல்லாம் உங்க ஊட்ல அல்லாரும் வேலையத்தவங்களா? உங்களவிட ஷோக்கா ஆக்கற ஓட்டல்காரன் இருக்கான். மடப்பள்ளிய அவனுக்கு ஏலம் உட்றலாமா?"

எம்பார் பேனாவைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாடு பத்தி உமக்குத் தெரியும்தானே பாய்? மூணு மாசமா ஏன் சொல்லலை?"

எத்தனையோ தரகர்களை மடக்கியவன் நான். அவரிடம் பொய் வரவில்லை.

"ஏலத்த நான் எடுக்கலாம்னு இருந்தேன் சாமி."

சின்னதுரை என்னைப் பார்த்த பார்வையை எழுத என் படிப்பு போதாது. அந்த நிமிஷமே சொன்னேன்: "ஏலமே வந்தாலும் நான் கேக்க மாட்டேன். அதையும் எழுதிக்குங்க." அந்தக் கரையில் வேறு எந்த வியாபாரி அப்படிச் சொல்லியிருப்பான்?

எம்பார் அன்று முழுக்கச் சாப்பிடாமல் அறிக்கையைத் திருப்பி எழுதினார். 'வேலையற்றோர்' என்பதை அடித்துவிட்டு, 'முறைக்குக் காத்திருப்போர்' என்று போட்டார். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று மேலதிகாரி இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். இரண்டு தடவையும், ஏரிக்கு வந்து பாருங்கள் என்று எழுதினார் எம்பார். மூன்றாம் தடவை அதிகாரியே வந்தார். கரையில் நின்று குப்பத்தாரிடம் பாடு முறையைக் கேட்டார். ஏல யோசனையை எடுத்துவிட்டார்.

அடுத்த தை மாதம் சீட்டுப் போட்ட அன்று எம்பார் சென்னையிலிருந்து வந்திருந்தார். சின்னதுரை அவரையே சீட்டு எடுக்கச் சொன்னார். முதல் சீட்டு பக்கத்துக் குப்பத்துக்கு விழுந்தது.

"இன்னா சார், உன் கை ராசி இவ்ளோதானா!" என்றார் சின்னதுரை. கரை முழுக்கச் சிரித்தது. எம்பாரும்தான்.

எனக்கென்ன குறை? எந்தக் குப்பம் பிடித்தாலும் இறால் என் பெட்டிக்குத்தானே வர வேண்டும்.