ஊர்த் தூசியும் என் வீட்டு இழுப்பும்

வீடு சுத்தம் செய்வது என் தொழில். என் வீட்டில்தான் என் மனைவிக்கு மூச்சு விட முடியவில்லை.

தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். சும்மா உட்கார வராது. தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று வாங்கினேன். அதே தோட்டத்தில் வேலை செய்த சரோஜாவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டேன். தும்மல், இழுப்பு உள்ளவர்களின் வீடுகளுக்குப் போய் மெத்தை, திரை, காற்றாடி, அலமாரியின் மேல்தட்டு எல்லாவற்றையும் சுத்தம் செய்வோம். ஒரு வருடம் போனது. என் மனைவி புஷ்பத்துக்கு இழுப்பு வந்தது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள் கிளினிக்கில். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் என் ஆத்திரம் உங்களுக்குப் புரியும். நான் விடுவதாக இல்லை.

புகை

சி ரூசா பக்கம் ஒரு வீடு. வீட்டுக்காரருக்கு ஓயாத தும்மல். காலையில் தொடங்கி மதியம் வரை தேய்த்தோம். நாங்கள் செருப்பு மாட்டுவதற்குள் அவர் வீட்டு அம்மா சாம்பிராணிச் சட்டியோடு அறை அறையாகப் போக ஆரம்பித்துவிட்டார். உள்ளே வீட்டுக்காரர் இருமுகிறார். வெளியே நான் நிற்கிறேன். புகைதான் காரணம் என்று சொன்னேன். அந்த அம்மா சட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "நீங்க தூசியத்தான் எடுத்தீங்க. கண்ணு பட்டத யாரு எடுக்கிறது?"

மெத்தை

அன்றே என் வீட்டில் சாம்பிராணியை நிறுத்தச் சொன்னேன். புஷ்பம் முறைத்தாள், நிறுத்தினாள். இழுப்பு நிற்கவில்லை.

அடுத்து, தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதிய பழைய கிராணி ஒருவர். இலவம்பஞ்சு மெத்தை. தட்டினால் மாவு மில் மாதிரி பறக்கும். தூக்கிப் போடுங்கள் என்றேன், மாட்டேன் என்றார். சரி என்று ஜிப் வைத்த உறை ஒன்றை மெத்தைக்கு மாட்டிவிட்டேன். தூசி வெளியே வராது. மறுவாரம் போனால் உறை கொடியில் தொங்குகிறது, அவர் பஞ்சு மேல் படுத்துத் தும்முகிறார். ஏன் கழற்றினீர்கள் என்றேன். "புரண்டா சரசரங்குது. பிளாஸ்டிக்ல சுத்தி வைக்க நான் என்ன பசார் மீனா?"

விளக்குமாறு

என் வீட்டுப் பஞ்சு மெத்தையும் தலையணையும் போயின. போர்வையை வாராவாரம் சுடுதண்ணீரில் துவைத்தேன். இடுப்பு போனதுதான் மிச்சம்.

சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை செய்யும் ஒரு பெண்ணின் வீடு. மகனுக்கு இழுப்பு. எப்போது போனாலும் வீடு பளிச்சென்று இருக்கும், பையன் மட்டும் மூக்கு சிவந்து உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் சீக்கிரம் போய்விட்டோம். அந்தப் பெண் ஈர்க்கு விளக்குமாற்றால் கூடத்தை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். காய்ந்த தூசி முழுவதும் காற்றில். நாங்கள் வருமுன் கூட்டிவிடுவது வழக்கமாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அதற்குத்தானே நாங்கள் வருகிறோம் என்று கத்தினேன். சரோஜா என் கையைப் பிடித்து அடக்கினாள். அந்தப் பெண் தலைகுனிந்தபடி சொன்னாள்: "கூட்டாத வீட்ட வெளியாளுக்கு எப்படிண்ணே காட்டுறது?"

தம்பின்

என் வீட்டிலும் விளக்குமாற்றை ஒழித்தேன். திரைச்சீலைகளைக் கழற்றினேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஈரத்துணி. புஷ்பத்துக்கு அதே இழுப்பு.

தம்பினில் இருக்கும் மகள் வந்து அம்மாவைக் கூட்டிப் போய்விட்டாள். அங்கே இரண்டாம் நாளே மூச்சு சரியாகிவிட்டது. திரும்பி வந்தாள், மறுநாளே இழுப்பு. மறுபடி தம்பின். மறுபடி வந்தாள், மறுபடி இழுப்பு. மூன்றாம் முறை மகள் பெரிய பையாகக் கொண்டுவந்தாள். அம்மா இனி அங்கேயே இருக்கட்டும் என்றாள். நான் துணியும் வாளியுமாக நின்றேன். நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் நாங்கள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு புஷ்பம் கேட்டாள்: "அங்க மூச்சு வருது, தூக்கம் வரல. இங்க தூக்கம் வருது, மூச்சு வரல. நீங்களே சொல்லுங்க, நான் எங்க இருக்கிறது?"

கட்டிலுக்கு அடியில்

அந்த வாரம் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. எழ முடியவில்லை. மெஷினை எடுத்துப் போகச் சரோஜா மோட்டார் சைக்கிளில் வந்தாள். எங்கே இருக்கிறது என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியில் என்றேன். வெளியே வைத்தால் எவனாவது திருடிவிடுவான், வேறு எங்கே வைப்பது?

குனிந்து இழுத்தாள். மெஷினுக்குள் இருந்த பையைத் திறந்தாள். மூன்று வீட்டுத் தூசி. நிறையாத பையை ஏன் கொட்டுவது என்று விட்டிருந்தேன். பிறகு படுக்கையறைக் கதவைப் பார்த்தாள். கடைசியாகப் போட்ட வேலைச் சட்டை ஆணியில் தொங்கியது. அதைத் தொட்டாள். விரலை என்னிடம் காட்டினாள். சாம்பல் நிறம். நான் இடுப்பு வலி என்று முனகினேன். அவள் விடவில்லை.

"சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா மட்டும் வெளியவே குளிச்சிட்டு உள்ள வர்றீங்க. ஊரான் தூசிய மட்டும் அப்படியே கொண்டாந்து அண்ணி தலைமாட்டுல வைக்கிறீங்களேண்ணே."

கோபம் வந்தது. மெஷின் அன்றே பின்பக்கத்துக் கொட்டகைக்குப் போனது, பூட்டோடு. பையைத் தினமும் வெளியே கொட்டுகிறேன். வேலைச் சட்டையை வெளிக்குழாயடியில் கழற்றி, அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் படியேறுகிறேன். அக்கம்பக்கத்தார் தினம் யார் வீட்டுச் சாவு என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

புஷ்பம் திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. கிளினிக்கில் கொடுத்த மருந்து மேசையில் இருக்கிறது, அதன் பக்கம் அவள் கை போவது குறைவு. ஒரு வருடம் வீட்டைத் தேய்த்து இடுப்பை ஒடித்துக்கொண்டது நான், என் மனைவியைத் தம்பினிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது சரோஜா.